75 வயதைக் கடந்த பெண்களுக்கு மேமோகிராம்: எங்கள் நிலைப்பாடு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அம்மாவை ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’புக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. பல மருத்துவமனைகளின் பட்டியலில், மார்பகப் புற்றைத் தேடும் எக்ஸ்ரே பரிசோதனையான மேமோகிராமும் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத, 75 வயதைக் கடந்த பெண்ணுக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுப்பதை எங்கள் முதியோர் நல அமைப்பு ஏற்கவில்லை.

செலவு இதற்குக் காரணமல்ல. மேமோகிராமின் பலன் மெதுவாக வருவது. ஆயிரம் பெண்களைப் பரிசோதித்து ஒரு மரணத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகின்றன. கெடுதல் அப்படிக் காத்திருப்பதில்லை. படத்தில் ஒரு நிழல் தெரிந்தால் அந்த வாரமே பயாப்சி, தூக்கமில்லாத இரவுகள். அதைவிடப் பெரிய சிக்கல், ஆயுள் முழுக்கத் தொல்லையே தந்திருக்காத புற்றைக் கண்டுபிடித்து, அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை என்று மூதாட்டியை அலையவிடுவது. பரிசோதனைக்குப் போன 75–84 வயதுப் பெண்களிடம் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுகளில் சுமார் 47 சதவீதம் இத்தகையவையாக இருக்கலாம் என்று 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. இது கணிப்புதான்; ஏனெனில் மேமோகிராமின் பலனை அளந்து பார்த்த பெரிய சோதனைகளில் 75 வயதைத் தொட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2024-இல், 40 முதல் 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்துவிட்டு, அதற்கு மேல் போதிய சான்று இல்லை என்று நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்தில் 71 வயதானபின் அழைப்புக் கடிதம் வராது; தானாகக் கேட்டு வருபவரைத் தடுப்பதும் இல்லை. அந்த முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

வயதை மட்டும் வைத்தும் தீர்மானிக்க முடியாது. 76 வயதில் களையெடுக்கப் போகிறவரும், இதயம் பழுதாகிப் படுக்கையில் கிடக்கும் 70 வயதுக்காரரும் ஒன்றா? முன்னவருக்கு விவரம் சொல்லி, விருப்பத்தைக் கேட்க வேண்டும். பணம் கட்டும் மகனிடம் அல்ல, அவரிடம். பின்னவருக்கு வேண்டாம்.

எங்களுக்கு ஒரே பயம், இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்களோ என்பது. நாங்கள் பேசுவது அறிகுறி இல்லாதவர்களைப் பற்றி. மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு என்றால் 90 வயதானாலும் உடனே காட்ட வேண்டும். “இந்த வயசுல யார்கிட்ட போயி காட்டுறது” என்று கட்டியை முந்தானைக்குள் மறைக்கும் பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தட்டிக்கழிக்க இந்த அறிக்கையை யாரும் சாக்காக்கக் கூடாது.

மருத்துவமனைகள் 75 வயதுக்கு மேற்பட்டோருக்கான தொகுப்பிலிருந்து மேமோகிராமை எடுத்துவிட்டு, கேட்பவருக்கு மட்டும் செய்யட்டும். மார்பைப் பரிசோதிக்கப் பெண் மருத்துவரையோ செவிலியரையோ அமர்த்தட்டும்.