ராக்கெட் ஓகே... மூடி திறக்கலையே!

2017 ஆகஸ்ட் 31, மாலை 7 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி - சி39 கிளம்பியது. இன்ஜின்கள் எல்லாம் சரியாகவே எரிந்தன. ஆனாலும் திட்டம் தோல்வி!

காரணம், உச்சியில் இருந்த மூடி. பாதி வழியில் இரண்டாகப் பிளந்து விழவேண்டிய வெப்பக் கவசம் பிளக்கவே இல்லை. 1,425 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.என்.எஸ்.எஸ் - 1ஹெச் செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து கழன்றும், மூடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அணுக் கடிகாரங்கள் பழுதான 1ஏ-வுக்கு மாற்றாகப் போனதுதான் இது.

எங்க ஊர் கண்ணமங்கலத்தில் பட்டு நெய்கிறவர்கள், பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ராக்கெட்டை எங்கே நிறுத்துவது?

செயற்கைக்கோளையும் ராக்கெட்டையும் பெரும்பாலும் ஓர் உலோகப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். நேரம் வந்ததும் கொஞ்சூண்டு வெடிமருந்து அதன் போல்ட்டை வெட்டும். உடனே ஸ்பிரிங்குகள் கோளைத் தள்ளிவிடும். எல்லா ஸ்பிரிங்கும் ஒரே அளவில் தள்ள வேண்டும். ஒன்று முரண்டுபிடித்தாலும் கோள் குட்டிக்கரணம்தான்.

'முன்கூட்டியே சோதிக்கலாமே' என்கிறீர்களா? சோதிக்கிறார்கள். ஆனால், தீக்குச்சி எரியுமா என்று கொளுத்திப் பார்த்துவிட்டு, அதையே திரும்பப் பெட்டியில் வைக்க முடியுமா? வெட்டிய போல்ட்டும் அப்படித்தான். அதனால் ஒரே மாதிரி பல செய்து, சிலவற்றைத் தரையில் வெடித்துப் பார்க்கிறார்கள். இங்கே புவியீர்ப்பு கீழே இழுக்கும் என்பதால், கழலும் பாகத்துக்கு எதிர் எடை கட்டித் தொங்கவிடுவது உண்டு. காற்று குறுக்கே வரும் என்பதால் வெற்றிட அறையிலும் சோதிப்பார்கள். ராக்கெட் குலுங்குவதுபோல முன்னதாகவே போட்டுக் குலுக்கியும் எடுப்பார்கள்.

தரையில் பார்க்க முடியாததை மேலே பார்க்க, சின்ன ஆய்வு ராக்கெட்டுகள் கைகொடுக்கின்றன. சுற்றுப்பாதைக்குப் போகாமல், சில நிமிடங்களில் திரும்பிவிடும்; செலவும் குறைவு. 2022 செப்டம்பர் 3-ம் தேதி, தும்பாவிலிருந்து கிளம்பிய ஆர்.ஹெச் - 300 ராக்கெட்டுக்குள், காற்றடைத்தால் விரியும் வேகத்தடை ஒன்றை மடித்து வைத்திருந்தது இஸ்ரோ. சுமார் 84 கி.மீ உயரத்தில் அது விரிந்ததை, குட்டி கேமரா ஒன்று படம்பிடித்தது. அந்த வேகத்தடையும் துணிதான், கெவ்லார் துணி. (நெசவு ஊர்க்காரிக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்!)

சரி, பி.எஸ்.எல்.வி என்ன ஆனது? 2018 ஜனவரி 12-ம் தேதி, 31 செயற்கைக்கோள்களோடு அடுத்த ராக்கெட் கிளம்பியது. இந்த முறை மூடி திறந்தது. ஏப்ரல் 12-ம் தேதி, 1ஹெச் போகவேண்டிய வேலைக்கு 1ஐ போய்ச் சேர்ந்தது.