வெள்ளத்தில் மூழ்கிய பியட்டும் அதன் இத்தாலிப் பெரியப்பாவும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்கு ஊர்ல ஒரு கார் வேலை. அந்தக் கார் கதையத்தான் சொல்ல வந்தேன். கதைன்னு சொன்னாலும் உள்ளுக்குள்ள ஒரு சண்டை இருக்கு. பழைய வண்டியைப் 'புதுசு மாதிரி' ஆக்குறது தப்புங்கிறது என் கட்சி. எதிர்க்கட்சியில சித்தப்பா, அத்தான், ஒரு டிங்கர் கடை, அப்புறம் கொஞ்ச நாள் முந்தி வரைக்கும் நானும் :-)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்க ஊர்க்காரங்க மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாகிப்போச்சு. ஆத்தங்கரையில் சிந்துபூந்துறையில் இருக்கு எங்க தாத்தா வீடு. அங்க ஷெட்ல 2004-லிருந்து தூங்கிக்கிட்டிருந்தது 1968 மாடல் பியட் 1100 டிலைட். ஜவுளிக்கடை வச்சிருந்த தாத்தா 1976-ல் செகண்ட் ஹேண்டா வாங்கினது. குற்றாலம் சீசன், பாவநாசம், திருச்செந்தூர் எல்லாத்துக்கும் இதுதான். தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா ஸ்டியரிங் வரைக்கும் வண்டல்.

"சவத்தத் தூக்கி எடைக்குப் போட்டுருவோம்டே" என்றார் அப்பா. (காயலான் கடைங்கிற பேரே காயல்பட்டினத்துக்காரங்களால வந்ததுன்னு சொல்லுவாங்க. மழையும் காயல்ல, கடையும் காயல்! என்ன பொருத்தம்.)

எடைக்குப் போடுற முன்னாடி ஒருத்தர் பார்க்கட்டுமேன்னு வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு வயசான மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும் செல்ப் போட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி, பேட்டரியே கிடையாது."

"நல்லவேளை. பேட்டரி இல்லாததுதான் இத காப்பாத்திருக்கு."

மேட்டர் என்னன்னா, காத்தை பிஸ்டன் அமுக்கும், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கும்போது செல்ப் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். பிளக்கைக் கழட்டி நாலு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி, "பதினஞ்சு நாள் தொடாதீய" என்று சொல்லிட்டுப் போயிட்டார். கம்ப்யூட்டர் தொங்கினா ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியாம ரீஸ்டார்ட் பண்றவன் நான். பதினஞ்சு நாள்!

அந்த இடைவெளியில்தான் வண்டியோட ஜாதகத்தைத் தேடிப் படிச்சேன். தலை சுத்திப்போச்சு.

நம்ம பத்மினி டாக்ஸியில் இருந்த 1089 சிசி இன்ஜின் இருக்கே, 68 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், அந்த அளவு 1937-ல் வந்த பியட் 508சி பலில்லா 1100-லிருந்து வருது. யுத்தத்துக்கு முந்தின இத்தாலி வண்டி. அதுல ஒரு ரேஸ் மாடலும் உண்டு, 508சி எம்எம். எம்எம்னா மில்லே மிலியா, பிரெசியாவில் கிளம்பி ரோமாபுரி போய்த் திரும்புற ஆயிரம் மைல் ரோட் ரேஸ். 1938-ல் தாருஃபி என்கிற டிரைவர் அதை ஓட்டி 1100 சிசி பிரிவில் ஜெயிச்சார்.

கதை அதோட முடியலை. 1939-ல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியே வந்த என்ஸோ ஃபெராரி, நாலு வருஷம் தன் பேர்ல ரேஸ் கார் விடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டார். ஆனா கார் பண்ணாம இருக்க முடியலை. பேர் போடாம ரெண்டே ரெண்டு வண்டி பண்ணினார். ஆட்டோ ஆவியோ கோஸ்த்ருத்ஸியோனி 815. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், அதனால 815. அடிச்சட்டம் 508சியோடது. புதுசா வார்த்த அலுமினிய பிளாக் மேல ரெண்டு 508சி சிலிண்டர் ஹெட்டை வரிசையா வச்ச இன்ஜின். மேல மிலான் டூரிங் கம்பெனி கட்டின மெல்லிய பாடி. 1940 ஏப்ரல் 28 ரேஸில் ஒண்ணை ரங்கோனி ஓட்டினார், இன்னொண்ணை 21 வயசு ஆல்பர்ட்டோ அஸ்காரி. ரெண்டுமே ரேஸை முடிக்கலை. அஸ்காரி பின்னாடி 1952, 53 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன். அவர் ஓட்டின 815 மட்டும் இன்னைக்கும் மொடேனா பக்கம் ஒரு தனியார் சேகரிப்பில் இருக்கு. மத்தது காயலான் கடைக்குப் போயிருச்சு. (அங்கயும் ஒரு அப்பா "எடைக்குப் போடுவோம்"னு சொல்லியிருப்பார் போல.)

முறை போட்டுப் பார்த்தா 508சி தாத்தா, 1953-ல் வந்த 1100 அப்பா, எங்க ஷெட்ல கிடக்குறது பிள்ளை. அப்போ ஃபெராரியோட முதல் கார் இதுக்குப் பெரியப்பா முறை. அத்தான்கிட்ட சொன்னேன். "அதுக்கு? ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சு, அலாய் வீல் போட்டு, செகப்பு பெயிண்ட் அடிச்சா சும்மா ஜம்முனு இருக்கும்லா" என்கிறார்.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. இன்ஜினை எடுத்துட்டா இதுல பியட்னு என்ன மிச்சம்? தகரம்தான். சட்டமே அப்படித்தான் சொல்லுது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு 50 வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் வச்சா அந்தக் கதவு மூடிக்கும்.

செகப்பு பெயிண்ட் விஷயத்துல நான் ஒண்ணும் உத்தமன் இல்லை. அமெரிக்காவில் பெபிள் பீச்ல வருஷா வருஷம் பழைய கார் போட்டி நடக்கும். 2018-ல் ஜெயிச்சது 1937 மாடல் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி. கண்ணாடி மாதிரி பளபளன்னு ரெஸ்டோர் பண்ணின வண்டி. அந்தப் படத்தைத்தான் டிங்கர் கடையில் காட்டி "இப்படி வேணும்"னு சொன்னேன். "சார், எல்லாத்தையும் சுரண்டிரவா?"ன்னு கேட்டாங்க. சுரண்டுங்கன்னேன்.

ஒரு வாரம் கழிச்சுப் போனா பானெட் உள்பக்கம் வெறும் தகரம். வெள்ளைப் பெயிண்டால தாத்தா தன் கையாலே ஆயில் மாத்தின தேதியும் கிலோமீட்டரும் எழுதி வச்சிருந்த இடம் அது. 1976-லிருந்து 2004 வரைக்கும், வரி வரியா. அதுல ஒரு வரியில் தேதி பக்கத்துல என் அக்கா பிறந்ததைக்கூட எழுதியிருந்தார். ஆத்துத் தண்ணி அதை அழிக்கலை. ரெண்டு தாள் எமரிதான் அழிச்சது. கடைக்காரரைக் குத்தம் சொல்ல முடியாது, சொன்னவன் நான்தானே. நான் அதைப் போட்டோகூட எடுத்து வைக்கலை.

அப்பாகிட்ட சொன்னப்போ அவர் ஒண்ணும் பேசலை. எடைக்குப் போடுவோம்னு சொன்ன அதே அப்பா.

அதே பெபிள் பீச்ல 2024-ல் முதல் பரிசு வாங்கினது ரெஸ்டோரே பண்ணாத 1934 புகாட்டி டைப் 59. உரிஞ்ச பெயிண்டோட வந்து நின்ன வண்டி. அப்படிப் பாதுகாத்த வண்டி ஒண்ணு அங்க முதல் பரிசு வாங்குறது அதுதான் முதல் தடவை. இதை முன்னாடியே படிச்சிருந்தா சுரண்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணாச்சி சொன்ன நாள்ல வந்து கிராங்க் ராடு போட்டு மெதுவாத் திருப்பினார். மூணாவது தடவை அசைஞ்சுது. ரிங் மாத்தி, ஹெட் இறக்கி, லேத்ல கொடுத்து வால்வ் சீட் சரி பண்ணி, வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போட்டு எழுந்து நிக்குது. தரைத் தகடு துருவில் போயிருந்ததால அதை மட்டும் வெட்டி ஒட்டினோம். மிச்ச பெயிண்டைத் தொட விடலை. கதவு உள்பக்கம் வண்டல் நின்ன கோடு இருக்கு, அதையும் துடைக்கலை. சித்தப்பா பார்த்துட்டு, "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணின?" என்றார். ஆமா சித்தப்பா.

பாகம் கிடைக்கிறதுதான் இப்போ பெரிய பாடு. பம்பாயில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோட ஓய்வாயிருச்சு. டாக்ஸி ஓடுற வரைக்கும் கடைக்காரன் பாகம் வச்சிருப்பான், இனி எதுக்கு வைப்பான்? இடது பக்க டெயில் லாம்ப் கண்ணாடி மூணு மாசமாத் தேடுறேன். மதுரை, கோயம்புத்தூர் பக்கம் யாராவது பழைய பியட் பாகம் விக்கிற கடை தெரிஞ்சா ஒரு வரி எழுதிப் போடுங்க. 1100 டிலைட் மாடல்.