கற்றுக்கொள்ளப் போன பிள்ளைகள்

வித்தை கற்றவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட கதையை நாம் அறிவோம். கேட்டு நெஞ்சு கொதித்திருக்கிறோம். விரலோடு நில்லாமல் உயிரையே காணிக்கையாகக் கேட்ட பயிற்சிக்கூடம் ஒன்று இருந்தது. அது கானகத்தில் இல்லை, கடலில் இருந்தது. புராண காலத்தில் அல்ல, நம் காலத்தில் இருந்தது. பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று போற்றப்படும் பிரிட்டனிலேயே இருந்தது!

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கருகே ஹல் என்றொரு துறைமுக நகரம். அங்கே ஹெஸில் ரோடு வட்டாரத்தில் மீன்பிடித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. ஐஸ்லாந்தின் ஓரத்திலும், நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலிலும் காட் மீனைத் தேடி அவர்களுடைய இழுவலைக் கப்பல்கள் சென்றன. ஏறத்தாழ மூன்று வாரம் கடலில், இரண்டு மூன்று நாள் கரையில், மீண்டும் கடலில். தந்தை சென்ற வழியே மகனும் சென்றான். மீசை அரும்பாத வயதில், கப்பலின் மேல்தளத்தில் தொழில் பழகும் பையனாகச் சேர்ந்தான். ‘டெக்கி லேர்னர்’ என்பது அவனுக்கு அங்கே வழங்கிய பெயர்.

அவன் கற்றது என்ன? வலை பின்னும் ஊசிகளில் ஓயாமல் நூல் ஏற்றி வைக்க வேண்டும். கிழிந்து வரும் வலையை உடனே தைத்து மீண்டும் கடலில் இறக்க வேண்டுமல்லவா? வலையின் மடி அவிழ்ந்து மீன் தளத்தில் கொட்டியதும், இடுப்பளவு மீன் குவியலுக்கு நடுவே நின்று, ஒவ்வொன்றின் வயிற்றையும் கத்தியால் கீறி, குடலை எறிந்து, ஈரலைத் தனியே எடுக்க வேண்டும். கை மரத்துப்போயிருக்கும், கத்தி எங்கே இறங்கியது என்று குருதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு மணி நேரம் உழைப்பு, ஆறு மணி நேரம் ஓய்வு. பனிக்காற்று வீசினால் கோடரி எடுத்து, கம்பிகளிலும் கயிறுகளிலும் உறைந்த பனியை வெட்டித் தள்ள வேண்டும். தெறிக்கும் அலைநீர் பட்ட இடத்திலேயே உறையும். உறைந்த பனி டன் கணக்கில் மேலே ஏறினால் கப்பல் தலை கனத்துக் கவிழும். ஆகவே அந்தப் பிள்ளையின் கைக்கோடரியில்தான் அனைவர் உயிரும் இருந்தது.

இத்தனையையும் அவனுக்குக் கற்பித்தவர் யார்? பக்கத்தில் நின்ற மூத்த தொழிலாளி. எப்போது கற்பித்தார்? வேலைக்கு நடுவே, அதட்டலில், காற்றின் இரைச்சலில். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பிடித்த மீனுக்கேற்பக் கிடைக்கும் கூலி. ஒவ்வொரு பயணத்திற்கும் புதிதாகக் கையெழுத்து. மறுபயணத்திற்கு அழைப்பு வருமா என்ற அச்சம். நின்று நிதானமாகப் பாடம் சொல்ல அவருக்கு ஏது நேரம்? நேரத்திற்கு விலை வைத்தவர்கள் கரையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாய்மரப் படகுகளின் காலத்தில், ஏழை விடுதிகளிலிருந்து திக்கற்ற சிறுவர்களைக் கொண்டுவந்து ஒப்பந்தத்தில் கட்டினார்கள். ஓடிப்போன சிறுவனுக்குச் சிறை காத்திருந்தது. ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த ‘ரைசிங் சன்’ என்ற படகில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் வதைக்கப்பட்டு உயிரிழந்தான். அந்தக் கொலைக்காகப் படகின் தலைவன் ஆஸ்மண்ட் பிராண்ட் 1882இல் தூக்கிலிடப்பட்டான். நாடு திடுக்கிட்டது, சட்டம் அசைந்தது, 1883இல் மீன்பிடிப் படகுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பிள்ளை பிணமான பிறகுதான் சட்டம் கண் விழித்தது. இந்த வரிசைமுறையை நினைவில் வையுங்கள், தோழர்களே! இது மீண்டும் வரும்.

1968 ஜனவரியில் அது மீண்டும் வந்தது. ஜனவரி 10ஆம் நாள் ‘செயின்ட் ரோமானஸ்’ என்ற கப்பல் ஹல் நகரை விட்டுக் கிளம்பியது. அதில் ரேடியோ இயக்குநர் இல்லை. கரையோடு பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர் இல்லாமலேயே 20 பேர் வடகடலுக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பலிடமிருந்து செய்தி வரவில்லை. வராததைக் கண்டு பதறியவரும் இல்லை. இரண்டு வாரம் கழிந்த பின்னரே தேடுதல் தொடங்கியது. அதற்குள் ‘கிங்ஸ்டன் பெரிடாட்’ என்ற கப்பலும் 20 பேருடன் மறைந்தது. பிப்ரவரி 4 அன்று, ஐஸ்லாந்தின் கடற்கழி ஒன்றில் புயலுக்கு ஒதுங்கி நின்ற ‘ராஸ் கிளீவ்லண்ட்’ பனியேறிக் கவிழ்ந்தது. 18 பேர் மாண்டனர். நான்கு வாரத்திற்குள் மூன்று கப்பல்கள், 58 உயிர்கள்.

மூன்றாவது கப்பலிலிருந்து மூவர் ரப்பர் மிதவையில் ஏறினார்கள். கரை சேர்ந்தபோது உயிரோடிருந்தவர் ஒருவரே: ஹாரி எடம். அவர் மேல்தளத்தில் பணியாற்றுவதற்கான முழுப் பாதுகாப்பு உடையில் இருந்தார். உடன் வந்த இருவருக்கும் அந்த உடை இல்லை. குளிரிலே விறைத்து மடிந்தார்கள். ஒரே கடல், ஒரே மிதவை, ஒரே குளிர். வாழ்வையும் சாவையும் பிரித்தது ஓர் உடுப்பு!

“கடல் என்றால் ஆபத்து இருக்கத்தானே செய்யும்? புயலை யார் தடுக்க முடியும்?” என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வோம்: புயல் இயற்கை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ரேடியோ இயக்குநரை ஏற்றாமல் கப்பலை அனுப்பியது இயற்கையா? பயிற்சி பெறாத பிள்ளையைப் பனிக்காலத்தில் வடகடலுக்கு அனுப்புவது விதியா? அலையை எழுப்பியது காற்று. ஆட்குறைப்புச் செய்தது மனிதன். காற்றை நாம் கேள்வி கேட்க முடியாது. மனிதனைக் கேட்க முடியும். கேட்டே தீர வேண்டும்.

கேட்டவர்கள் யார் தெரியுமா? பட்டம் பெற்றவர்களல்லர்; பதவி வகித்தவர்களல்லர். ஹெஸில் ரோட்டுப் பெண்கள்! மீன் பதனிடும் ஆலையில் கூலி வேலை செய்த லிலியன் பிலோக்கா முன்னே நின்றார். அவருடைய கணவரும் மகனும் கப்பல் தொழிலாளர். மேரி டென்னஸ், கிறிஸ்டின் ஜென்சன், இவோன் பிளென்கின்சாப் ஆகியோர் தோள் கொடுத்தார்கள். தலையில் துணி கட்டிய அந்தத் தாய்மார் வீடு வீடாகச் சென்று 10,000 கையெழுத்துகள் திரட்டினார்கள். துறைமுகத்தில் அணிவகுத்து, ரேடியோ இயக்குநர் இல்லாத கப்பல் போகக்கூடாது என்றார்கள். கப்பலில் தாவி ஏற முயன்ற பிலோக்காவைக் காவலர்கள் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் அவர் எழுப்பிய குரல் நிற்கவில்லை; லண்டன் வரை சென்று அமைச்சர்களின் எதிரே ஒலித்தது.

அவர்கள் கோரியவற்றைக் கவனியுங்கள். எல்லாக் கப்பல்களிலும் ரேடியோ இயக்குநர், குறைவில்லாத ஆள்பலம், செம்மையான வானிலை அறிவிப்பு, பாதுகாப்புக் கருவிகள், மருத்துவ வசதியோடு உடன் செல்லும் துணைக்கப்பல், தொழில் பழகும் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி. இதில் வெற்று முழக்கம் ஒன்றுண்டா? இது செய், இதைக் கொடு என்று விரல் விட்டு எண்ணத்தக்க கோரிக்கைகள். ஆகவேதான் மழுப்ப இயலவில்லை. 88 பாதுகாப்பு நடவடிக்கைகள் ஏற்கப்பட்டன. அடுத்த பனிக்காலத்தில் ‘ஆர்சினோ’ என்ற துணைக்கப்பல் ஐஸ்லாந்துக் கடலுக்குச் சென்றது.

இங்கே முற்றுப்புள்ளி வைத்தால் கதை இனிக்கும். ஆனால் உண்மை கசக்கிறது. பிலோக்காவுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஆலை வேலை பறிபோனது. வேறு இடத்திலும் கதவு மூடப்பட்டது. பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று அவருடைய சொந்த வட்டாரத்திலேயே சிலர் ஏசினார்கள். எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காத்த அந்தத் தாய் 1988இல் வறுமையோடு மறைந்தார்.

தொழிலாளரின் கதி என்ன? 1976இல் ஐஸ்லாந்து தன் கடலின் 200 மைல் எல்லையை நிலைநாட்டிய பிறகு ஹல் நகரத்தின் தொலைகடல் மீன்பிடிப்பு சரிந்தது. பயணத்திற்குப் பயணம் கையெழுத்திட்டவர்கள் ‘தற்காலிகத் தொழிலாளர்’ என்று கூறி, வேலை இழப்பீடு மறுக்கப்பட்டது. பதினைந்து வயதில் பழகப் போய், நரை கண்ட வரை உழைத்தவர் தற்காலிகமாம்! அவர்களுக்கான ஈட்டுத்தொகைத் திட்டத்தை அரசு அறிவித்தது 2000இல். அதற்குள் கண் மூடியவர்கள் பலர்.

தோழர்களே! மீன்பிடித் தொழிலுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. அது 2017இல் செயலுக்கு வந்தது. பதினாறு வயது பொதுவான வரம்பு, ஆபத்தான பணிக்குப் பதினெட்டு, ஓய்வு நேரம், கருவிகளைக் கையாளும் பயிற்சி, எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. கடல் தின்ற பிள்ளைகளின் தாய்மார் துறைமுகத்தில் நின்று கேட்டவற்றுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு நெருக்கம், பாருங்கள்!

நம் ஊர்களிலும் பிள்ளைகள் தொழில் பழகப் போகிறார்கள். கடலுக்கு மட்டுமல்ல, பட்டறைக்கு, சாரத்துக்கு, ஆலைக்குப் போகிறார்கள். ‘பழகத்தானே வந்திருக்கிறான்’ என்ற சொல்லால் அவர்களுடைய கூலியைக் குறைப்பார்கள், பாதுகாப்பைக் குறைப்பார்கள், பெயரைக்கூடப் பதிவேட்டில் விடுவார்கள். உங்கள் வட்டாரத்தில் அத்தகைய பிள்ளை எங்கிருக்கிறான் என்று தேடிப் பாருங்கள். அவனுக்குக் கற்பிப்பவர் யார், கையுறை உண்டா, ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள்; எழுதியதை எண்ணிட்டுக் கோரிக்கையாக்குங்கள்; பிணம் விழுந்த பின் அல்ல, இன்றே!

இன்னொரு கடமையும் உண்டு. முதலில் வாய் திறக்கும் ஒரு தாய்க்கோ தொழிலாளிக்கோ நாளை வேலை போகலாம், ஏச்சு வரலாம். கோரிக்கை வென்றதும் கலைந்து சென்றுவிடாதீர்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் இயக்கப் பணியே. ஹல் நகரம் பிலோக்காவுக்குச் செய்யத் தவறியதை, நாம் நம்மிடையே எழும் குரல்களுக்குச் செய்வோம்.