ஏரிக் கலிங்கும் அதன் மாதிரியும்

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளில் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அணைக்கட்டு, கலங்கரை விளக்கம், ராக்கெட்டு, எரிமலை ஆகிய யாவும் மேசைமீது வரிசையாக நிற்கின்றன. பார்வையாளர் வியந்து பாராட்டுகின்றனர், பரிசுகளும் வழங்கப்பெறுகின்றன. எனினும், அம்மாதிரிகளிடம் யாரேனும் ஒரு கேள்வி கேட்டால் அவற்றுள் எத்தனை பதில் சொல்லும் என்பது சிந்திக்கத் தக்கது.

கோலார் தங்கவயலின் வடகோடியில் பாலகாட் என்னும் குடியிருப்பு உள்ளது. ஒரு காலத்தில் அங்கே இயங்கிய தங்கச் சுரங்கத்தின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. சென்ற ஆண்டு அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே ஓர் ஏரியின் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அட்டையால் கரை, நீலக் கண்ணாடியால் நீர், பஞ்சினால் மேகம், கரைமேல் சிறிய கலிங்கு என எல்லாம் அழகாகவே அமைந்திருந்தன. சுரங்கப் பட்டறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அதனை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்னர், அருகில் நின்ற மாணவனிடம், “தம்பி, இந்தக் கலிங்கிலே எவ்வளவு தண்ணீர் போகும்?” என்று வினவினார். மாணவன் தயங்கி, “தண்ணீர் விட்டால் அட்டை ஊறிப்போகும், தாத்தா” என்றான். சுற்றி நின்றோர் சிரித்தனர். முதியவர் மட்டும் சிரிக்கவில்லை.

அம்முதியவர் கேட்ட கேள்வியே மாதிரி அமைக்கும் கலையின் முதற் பாடம் என்பது என் கருத்து. அவர் இளமையில் வார்ப்பட வேலைக்கு மர அச்சு செய்தவராம். உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும். ஆகவே வேண்டிய பொருளைவிட மர அச்சினை நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாகச் செதுக்க வேண்டும். உருவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, எதனை எவ்வளவு மாற்றினால் பயன் சரியாகக் கிட்டும் என்பதையும் அறிய வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்த அறிவு.

தங்கவயலுக்கு அருகில் உண்மையான ஏரி ஒன்று இல்லாமலில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் குறுக்கே பேத்தமங்கலம் ஏரி அமைந்துள்ளது. அவ்வூரின் பழம் பெயர் விசயாதித்த மங்கலம். உடைந்துபோன அப்பெரிய ஏரி பத்தாம் நூற்றாண்டில், நுளம்ப மன்னர் காலத்தில், பழுது பார்க்கப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நீரேற்று நிலையமும் வடிகட்டும் அமைப்புகளும் ஏற்பட்டன; சுரங்கங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் இங்கிருந்து குழாய் வழியே நீர் சென்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் இந்நீரைக் குடித்து வாழ்ந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏரி மூடப்படவில்லை, நிரம்பினால் அதன் உபரி நீர் பாலாற்றின் வழியே ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் செல்லும் பாதையில்தான் இறங்குகின்றது. இத்தகைய ஏரியை அருகில் வைத்துக்கொண்டு, எந்த ஊருக்கும் உரியதல்லாத ஓர் ஏரியை அட்டையில் வெட்டி ஒட்டுவதில் மாணவர் காலம் கழிவது வருந்தத் தக்கது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மாதிரி அமைப்பது பற்றிய குறிப்புகளைத் தமிழாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. ‘மாதிரி’ என்ற சொல்லை நாம் மிகப் பல பொருள்களில் வழங்குகின்றோம். துணிக்கடையில் காட்டும் துண்டும் மாதிரி. பின்பற்றத் தக்க மனிதரும் மாதிரி. கண்காட்சி மேசைமீதுள்ள பொம்மையும் மாதிரி. பொறியியலாளர் கருதும் மாதிரியோ இவை எவற்றையும் சேராது. பெரிய அமைப்பு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைச் சிறிய அமைப்பைக் கொண்டு முன்னறியும் கருவி அது. அதன் உயிர் அளவு வீதத்தில் இருக்கின்றது. அளவு வீதமோ வெறும் நீள அகலங்களோடு முடிந்துவிடுவதன்று.

இதனைச் சற்று விளக்குவோம். கலிங்கு ஒன்றைப் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்து அமைக்கின்றோம் எனக் கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகும். நீரின் வேகமும் பத்தில் ஒன்றாகுமா? ஆகாது. கலிங்கின்மேல் நீரை இழுப்பது புவியீர்ப்பு. மாதிரிக்காக அது குறைந்து கொடுப்பதில்லை. ஆகவே வேகம், நீள வீதத்தின் வர்க்கமூலத்தின்படியே குறையும், அதாவது 3.16இல் ஒரு பங்காகும். வேகத்தைக் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் நீரோட்டம் கிடைக்கும். அது ஏறத்தாழ 316இல் ஒரு பங்காகும். கப்பல்களின் சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் பெயரால் இவ்விதி வழங்குகின்றது. அவர் டார்க்கி நகரில் 1872இல் அமைத்த தொட்டியே இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று.

இனி, எடுத்துக்காட்டாக ஒரு கலிங்கின் முகட்டுக்குமேல் 50 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் வழிந்தோடுவதாக வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தில் ஒரு பங்காக மாதிரி செய்தால் நீரின் உயரம் 2 சென்டிமீட்டராகிவிடும். அத்துணை மெல்லிய நீரோட்டத்தில் பரப்பு இழுவிசை ஓங்கி நின்று, உண்மைக் கலிங்கில் இல்லாத ஒரு நடத்தையைக் காட்டும். ஆகவே பத்தில் ஒரு பங்கே மேல். நீர் 5 சென்டிமீட்டர் நிற்கும். முழுக் கலிங்கையும் அமைக்க இடமும் நீரும் போதாவெனில், 2 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கால்வாயில் அமைக்கலாம். பக்கங்களுக்குக் கண்ணாடி, முகட்டுக்குச் சிமிட்டிப் பூச்சு, நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரச் செய்ய ஒரு சிறு மோட்டார் பம்பு ஆகியவை போதும். வழிந்த நீரை ஒரு பீப்பாயில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 150 லிட்டர் நிரம்ப 40 நொடி ஆயிற்றெனில், நொடிக்கு 3.75 லிட்டர். இதனை 316ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,185 லிட்டர். அதாவது உண்மைக் கலிங்கின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நொடிக்கு 0.59 கன மீட்டர் நீர் வெளியேறும். அகன்ற முகடுடைய கலிங்குக்குப் பாடநூல் தரும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால் 0.60 வரும். மாணவன் தன் கையால் அளந்த எண்ணும் நூலில் கண்ட எண்ணும் இவ்வளவு நெருங்கி வருமானால், அன்று அவன் அடையும் மகிழ்ச்சிக்கு எந்தப் பரிசுக் கோப்பையும் ஈடாகாது. நெருங்கி வராவிடில் இன்னும் நன்று. பிழை எங்கே என்று தேடத் தொடங்குவான்.

மாதிரி எதனைக் காட்டாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கலிங்கின் அடியில் விழும் நீர் மண்ணை அரித்துக் குழி பறிக்கும். மணலையும் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடலாமே எனின், அது நொய்ம்மண்ணாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மணலின் குணத்தையே இழந்துவிடும். ஆகவே குழி எந்த இடத்தில் விழும் என்பதை மாதிரி ஓரளவு காட்டும். எத்தனை ஆழம் என்பதை அப்படியே நம்பிவிடலாகாது. காற்றழுத்தமும் இத்தகையதே. மாதிரியின்மீதும் முழு வளிமண்டலமே அழுத்துகின்றது. எனவே மிகு வேகத்தில் நீர் ஆவிக்குமிழாகி உடைந்து காரையைத் தின்னும் சேதத்தைச் சாதாரண மாதிரியில் காண இயலாது.

சில வேளைகளில் வேண்டுமென்றே உருவத்தை மாற்றியும் அமைப்பர். ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் 1885இல் மெர்சி ஆற்று முகத்துவாரத்திற்கு மாதிரி செய்தபோது, கிடைமட்ட அளவை 31,800இல் ஒரு பங்காகவும் உயரத்தை 960இல் ஒரு பங்காகவும் கொண்டார். எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் சிறுத்திருந்தால் நீர் வெறும் ஈரக் கசிவாகவே இருந்திருக்கும். பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட கடலேற்ற இறக்கம் அம்மாதிரியில் முக்கால் நிமிடத்திற்குள் முடிந்தது. எதனைக் காக்க எதனை விட்டுக்கொடுப்பது என்னும் தீர்ப்பு இங்கே தேவைப்படுகின்றது. சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் கெடும் என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளனுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நம் நாட்டில் இக்கலை நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. புனேக்கு அருகில், கடக்வாசலா நீர்த்தேக்கத்தையொட்டி அமைந்துள்ள மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாறு 1916இல் தொடங்குகின்றது. கிருஷ்ணராஜ சாகரத்திலும், 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகிலும் இத்தகைய ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. அவை நீர்த்தேக்கங்களையொட்டி அமைந்தமைக்குக் காரணம் எளிது. மாதிரிகளில் ஓட்டுவதற்கு நீர் அருகிலேயே கிடைத்தது. மைசூர்ப் பொறியியலாளர் கணேச ஐயரின் பெயரால் வழங்கும் சுருள் வடிகுழாய், நீரைச் சுழலச் செய்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றித் தானே இயங்கத் தொடங்கும் அமைப்பாகும். 1940களில் சராவதி ஆற்றின்மீது கட்டி முடிக்கப்பெற்ற ஹிரேபாஸ்கர அணையில் இது பயன்பட்டது. சுழலும் நீரின் போக்கு இத்தகையது என்பதைக் காகிதக் கணக்கு மட்டும் கொண்டு உறுதி செய்வது எளிதன்று. ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

கணிப்பொறி வந்துவிட்ட பின்னர் மண்ணையும் சிமிட்டியையும் குழைப்பானேன் என்று கேட்போர் உண்டு. கணிப்பொறிக் கணக்கின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதற்குத் தர வேண்டிய அளவுகளை யாரோ ஒருவர் கரையில் நின்று எடுத்தாக வேண்டும். வந்த விடையையும் எங்கோ ஓரிடத்தில் உண்மை நீரோடு ஒப்பிட்டாக வேண்டும். ஆராய்ச்சி நிலையங்கள் இன்றும் இரண்டையும் கைக்கொள்வது இதனாலேயே. ஏரியில் பல ஆண்டுகள் நீரே இருப்பதில்லையே என்பது மற்றொரு தடை. வற்றிய ஏரியே அளவெடுக்க உகந்தது. மதகின் அடித்தளம், கலிங்கின் முகட்டு மட்டம், கீழ்ப்புறத் தளவரிசை ஆகியவற்றை அப்பொழுதுதான் நேரில் காண இயலும். தக்க துணையோடும் உரிய அனுமதியோடும் அளக்கவும் இயலும்.

இதனால் மாணவர்க்கு மட்டும் பயன் என்று எண்ணிவிடலாகாது. நம் பழைய ஏரிகளின் கலிங்குகளையும் மதகுகளையும் செப்பனிடும்போது, முன்பிருந்த அளவுகளைக் குறித்து வைக்காமலே இடித்துக் கட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முகட்டினை ஒரு சாண் உயர்த்தினால் ஏரியில் நீர் கூடும். ஆனால் அதே வெள்ளத்தில் கரைக்கு எஞ்சும் பாதுகாப்பும் ஒரு சாண் குறையும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வேலூர் மாவட்டத்து மக்கள் பட்ட இன்னலை நாம் மறக்கவில்லை. மேலே உள்ள ஒவ்வொரு கலிங்கும் எத்தனை நீரை, எவ்வளவு விரைவில் விடும் என்பது கீழே உள்ளோர் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஆதலின் ஒரு யோசனையைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். தங்கவயல் வட்டாரத்துப் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஒன்றுசேர்ந்து, பேத்தமங்கலம் ஏரியின் கலிங்குக்கும் மதகுக்கும் நீரோடும் மாதிரி ஒன்றை அமைக்கட்டும். அளவெடுப்பது மாணவர் பணி. கணக்கைச் சரிபார்ப்பது பொறியியல் கல்லூரியினர் பணி. மரத்தையும் இரும்பையும் கையாளும் நுணுக்கத்தைக் கற்றுத்தர, சுரங்கப் பட்டறைகளில் உழைத்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய கைத்திறன் அவர்களோடு மறைந்துவிடுமுன் இதனைச் செய்தல் வேண்டும். எடுத்த அளவுகளை ஏட்டில் குறித்து ஊராட்சியிலும் பள்ளியிலும் ஒவ்வொரு படி வைப்பது இன்றியமையாதது. கண்காட்சி நடுவர்களும் தம் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையேனும் வண்ணத்திற்கன்றி அளவுக்கு ஒதுக்க முன்வருதல் வேண்டும்.

அடுத்த கண்காட்சிக்கும் அம்முதியவர் வருவார் என்று நம்புகின்றேன். அவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, மாணவன் மோட்டாரை முடுக்கிவிட்டு, பீப்பாயையும் கடிகாரத்தையும் அவர் முன் வைக்கட்டும்.