கிணற்று நீரின் வயது



சீக்கார் ஊரின் கிணற்றருகே களைப்புற்று அமர்ந்திருந்த நம் ஆண்டவரிடம் பேசிய சமாரியப் பெண், அக்கிணறு தங்கள் தந்தை யாக்கோபு தந்தது என்று பெருமையோடு நினைவுகூர்ந்தாள். யாக்கோபு மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தும் அவர் பெயர் மறையவில்லை. கிணறு என்பது முன்னோர் விட்டுச் சென்ற உடைமை. அதைத் தோண்டியவர் யார் என்பதை ஊரார் மறப்பதில்லை. ஆனால் அதில் ஊறும் நீர் எந்த ஆண்டில் பெய்த மழை? அந்நீரில் மாசு கலந்திருப்பின், அது யாருடைய கையால் வந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும் வழியை இறைவன் நீருக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். அவ்வெழுத்தைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான்.

அந்த எழுத்துக்கு ஐசோடோப்பு என்று பெயர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகத்தாலும் குணத்தாலும் ஒத்திருந்து, எடையில் மட்டும் வேறுபடுவது போன்றது இது. ஹைட்ரஜன் அணுக்களுள் மிகப் பெரும்பாலானவை இலேசானவை. மிகச் சில, மும்மடங்கு கனமானவை. இவற்றை டிரிட்டியம் என்பர். டிரிட்டியம் நிலையாக இருப்பதில்லை; ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் பாதி அழிந்துபோகும். எனவே மழைநீர் மண்ணுக்குள் இறங்கிய நாள்முதல், மணற்கடிகாரம் போல அதன் டிரிட்டியம் குறைந்துகொண்டே வருகிறது.

வானத்தின் உயரத்தில் டிரிட்டியம் இயற்கையாகவே சிறிதளவு உண்டாகிறது. ஆனால் 1952 முதல் வல்லரசுகள் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகள் அதனை வானமெங்கும் தூவின. 1963-ஆம் ஆண்டளவில் உலகின் வடபாதியில் பெய்த மழையில் பல இடங்களில் அதன் அளவு இயற்கை அளவைப்போல் நூறு மடங்கையும் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, அணு ஆயுதங்களைத் தடைசெய்ய வேண்டுமென வற்புறுத்தினார். ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் பிரிட்டனும், வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின் மழையின் டிரிட்டியமும் படிப்படியாகக் குறைந்தது. எனினும் குண்டு எதையும் கண்டிராத எளிய மக்களின் கிணறுகளிலும் அக்குண்டுகளின் சுவடு இறங்கிவிட்டது. இன்று ஒரு கிணற்று நீரில் டிரிட்டியம் அறவே இல்லையென்றால், அது 1950-களுக்கு முன் பெய்த மழை என்று அறிஞர் உணர்வர். இருந்தால், அதில் நம் காலத்து மழையும் கலந்திருக்கிறது என்று அறிவர்.

இன்னும் பழமையான நீருக்குக் கார்பன்-14 என்னும் வேறொரு கடிகாரம் உண்டு. அது பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவின் ஆழ்ந்த நீரடுக்குகளில் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்ப நிலைச் சுவடுகளைப் படித்துக் காட்டியது. ஆபிரகாம் பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையை ஆழ்துளைக் குழாய் ஒரே நாளில் மேலே இறைத்துவிடுகிறது. அது வங்கியில் போட்ட முதல். வட்டி அன்று, எடுத்தால் எளிதில் திரும்பாது.

நீரின் வயதை அறிவதால் குடும்பத்திற்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நைட்ரேட்டு என்னும் உப்பைப் பற்றிச் சொன்னால் அது விளங்கும். யூரியா முதலிய உரங்களிலிருந்தும், சாணம், மலக்குழி ஆகியவற்றிலிருந்தும் இது பிறக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. தெளிந்த நீரிலும் மறைந்திருக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கோம்லி, கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்து ஊட்டிய கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததற்கு இந்த உப்பே காரணம் என்று எழுதினார். நைட்ரேட்டு குழந்தையின் வயிற்றில் வேறொன்றாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்லாதபடி தடுத்துவிடுகிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இந்த ஆபத்து மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தரத்தின்படி 45.

இந்த உப்பு மண்ணுக்குள் எவ்வளவு விரைவாக இறங்குகிறது? இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் சுண்ணப்பாறையைத் துளைத்து ஆராய்ந்தவர்கள் 1970-இல் தம் முடிவை வெளியிட்டனர். 1963-ஆம் ஆண்டு மழையின் டிரிட்டியம், ஐந்து ஆண்டுகள் கழிந்தும் ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்திலேயே நின்றிருந்தது! ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூட அது இறங்கவில்லை. மழைநீரோடு நைட்ரேட்டும் சேர்ந்தே பயணம் செய்கிறது. ஆகவே நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் உள்ள அத்தகைய நிலத்தில், தந்தை இட்ட உரத்தின் மிச்சம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கிணற்றை எட்டும். அப்போது அதைக் குடிப்பவர் பேரப்பிள்ளைகள். உலகப் போரின் போது உணவுக்காகப் புல்வெளிகளை உழுது, பின்னர் உரத்தைக் கொட்டிய அந்நாட்டில், உரத்தைக் குறைத்த பிறகும் பல இடங்களில் நிலத்தடி நீரின் நைட்ரேட்டு உயர்ந்துகொண்டே இருந்ததன் இரகசியம் இதுவே.

சரி, மாசு உரத்தால் வந்ததா, மலக்குழியால் வந்ததா? ஊரில் இதனால் பூசல் எழுவதுண்டு. உழவரைக் குடியிருப்போர் பழிப்பர். குடியிருப்போரை உழவர் பழிப்பர். இங்கு நைட்ரஜனே சாட்சி சொல்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களில் ஆயிரத்திற்கு மூன்று நான்கு மட்டும் சற்றுக் கனமானவை. யூரியா, காற்றின் நைட்ரஜனிலிருந்தே செய்யப்படுவதால், ஏறத்தாழ அதே விகிதம் அதிலும் காணப்படும். சாணத்திலும் மலத்திலுமோ, இலேசான அணுக்கள் அம்மோனியா வாயுவாக முந்திப் பறந்துவிட, கனமானவை சற்று மிகுதியாகத் தங்கிவிடுகின்றன. இந்த நுண்ணிய வேறுபாட்டை அளந்து மூலத்தைக் கணிக்கின்றனர். இச்சாட்சியிலும் தடுமாற்றம் உண்டு: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விகிதத்தை மாற்றக்கூடும், சாணத்தையும் மனித மலத்தையும் இதனால் பிரித்தறிவது அரிது. எனவே ஆக்சிஜனின் கனத்தையும் சேர்த்து அளக்கின்றனர்.

இச்சாட்சி சில வேளை யாரும் எதிர்பாராததைச் சொல்லும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ரன்னல்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரின் நைட்ரேட்டு மிகுந்திருந்தது. 1975-இல் வெளியான ஆய்வின்படி, அதற்கு முதற்காரணம் உரம் அன்று. உழவினால் கிளறப்பட்ட மண்ணில் இயற்கையாகவே இருந்த நைட்ரஜனே. தீர விசாரியாமல் தீர்ப்பிடலாகாது என்பது நீருக்கும் பொருந்தும் அன்றோ?

நம் மொழி பேசுவோர் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. வடகிழக்குப் பருவமழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் சேர்த்துவைக்கும் நீரே வாழ்வு. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களும், வீடுகளும், மலக்குழிகளும், கிணறுகளும் அங்கு நெருங்கி அமைந்துள்ளன. பல கிணறுகளில் நைட்ரேட்டு வரம்பு மீறியிருப்பதை 1980-களிலிருந்தே ஆய்வுகள் கூறிவந்துள்ளன. 2016-இல் வெளியான ஐசோடோப்பு ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது: தோட்டத்திற்கு இறைத்த நீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாக, எஞ்சியது உப்பு செறிந்து மீண்டும் நிலத்தடி நீரையே சேர்கிறது. நாம் எறிவது எங்கும் போய்விடுவதில்லை. நம் வாளியிலேயே திரும்பி வருகிறது.

திருச்சபையின் போதனை ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் மன்னிக்கப்படுகிறது. ஆயினும் பாவம் விளைத்த கேடு அந்நொடியே மறைந்துவிடுவதில்லை. அதற்குப் பரிகாரம் வேண்டும். சக்கேயு மனம் வருந்தியதோடு நின்றுவிடாமல், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். நிலத்தடி நீரும் அவ்வாறே. இன்றே நாம் திருந்தினாலும், நேற்றைய மாசு இறங்கித் தீரும் வரை பொறுமையோடு காத்திருக்க வேண்டும். பலன் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். அதனால் திருந்துவது வீண் என்று எண்ணுதல் தவறு. பலனைக் காணப்போகும் பிள்ளைக்காக இன்றே செய்யும் தவம் அது. தாய்மாரும் தந்தைமாரும் அறியாத தவமன்று. தூய குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் கற்பித்தார். அவ்வுரிமை இன்னும் பிறவாத குழந்தைக்கும் உண்டு.

ஆகவே சில நடைமுறைகளைக் கூறுகிறேன். உங்கள் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, நைட்ரேட்டு அளவைக் கேட்டறியுங்கள். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். வேறு வழியின்றிப் பால்மா கரைக்க நேர்ந்தால், பரிசோதித்த நீரையே பயன்படுத்துங்கள். காய்ச்சுவதால் கிருமி சாகும். நைட்ரேட்டு போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கழிவுக்குழியைக் கிணற்றிலிருந்து எட்ட அமையுங்கள். அடுத்த வீட்டாரின் கிணற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். உழவர்களே, பயிர் உண்ணும் அளவிற்கே, அது உண்ணும் காலத்திலேயே உரமிடுங்கள். பெருமழைக்கு முன் இட்ட யூரியா பயிருக்குப் போவதில்லை, கிணற்றுக்கே போகிறது. உங்கள் பணமும் அதனோடு போகிறது.

ஈசாக்கு தம் தந்தை தோண்டிய கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டு மூடியிருக்கக் கண்டு, அவற்றை மீண்டும் தோண்டினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. நம் கிணறுகளை மூடப் பகைவர் வரத் தேவையில்லை. நம் கவனமின்மையே போதும். அதை நீக்கும் அருளை இறைவன் உங்கள் இல்லங்களுக்கு அளிப்பாராக!