அங்கே விருந்து, இங்கே அநாகரிகமா?

தென் அமெரிக்காவில் பெரு தேசத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், ஒரு சாப்பாட்டைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினார். 'பச்சமங்க்கா' என்று பெயர். அங்குள்ள கெச்சுவா மொழியில் 'பச்சா' என்றால் பூமி, 'மங்க்கா' என்றால் பானை. ஆண்டிஸ் மலைத் தரையில் குழி வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கற்களை அடுக்குகிறார்கள். உருளைக்கிழங்கு, மசாலை தடவிய இறைச்சி, அவரை, சோளமாவுக் கொழுக்கட்டை எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தழையும் ஈரத்துணியும் போட்டு மண்ணால் மூடிவிடுகிறார்கள். வெந்ததும் ஊரே கூடிச் சாப்பிடுகிறது. பூமித் தாய்க்கும் அதில் பங்குண்டு. சொல்லும்போதே நண்பருக்குக் கண் கலங்கிற்று. எனக்கு நாக்கில் நீர் ஊறிற்று, மறைப்பானேன்?

இதே மனிதர்தான் ஓர் ஆடி கடைசி வெள்ளியன்று என்னோடு சாத்தூர்ப் பக்கம் காரில் வந்தவர். இருக்கன்குடி நெருங்கியதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "காட்டுமிராண்டித்தனம்" என்றார்.

நான் இறங்கிப் போனேன். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். சுற்றிலும் மூன்று கல் கூட்டிய அடுப்புகள். புகையில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. ஒரு சிவகாசிக் குடும்பம் கிடாக் கறி சமைத்துக்கொண்டிருந்தது. குழம்பு கிளறிய அம்மாளின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்கிற்று. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறை வெடித்த நாளில் அவள் மகன் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தானாம். அதற்கு நேர்ந்துகொண்ட கிடா அது.

"வாங்க அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். என் ஊரையோ பேரையோ சாதியையோ கேட்கவில்லை. இலையில் சுடுசோறு விழுந்தது, மேலே குழம்பு. போதும் என்று கையை மறித்தும் இன்னொரு கரண்டி விழுந்தது.

இதில் எது காட்டுமிராண்டித்தனம், ஐயா? உயிர்க்கொலையா? மாமிசமே தொடாதவர் அப்படிச் சொன்னால் தலை வணங்குவேன். அவர் பெருவுக்குப் போனாலும் அதையே சொல்வார். என் சண்டை நகரத்தில் பிரியாணியும் வெளிநாட்டில் பச்சமங்க்காவும் சாப்பிட்டுவிட்டு, வைப்பாற்றங்கரையில் மட்டும் மூக்கைப் பொத்துகிறவரோடுதான்.

சர்க்காருக்கும் ஒரு சமயம் இந்த மூக்கு இருந்தது. ஆடு கோழி பலியைத் தடுக்க 1950-இல் போட்ட சட்டம் வெகுகாலம் தூங்கிக் கிடந்தது. 2003-இல் அதைத் தட்டி எழுப்பிக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு போட்டார்கள். கசாப்புக் கடையில் அறுத்தால் வியாபாரம், அம்மன் முன்னால் அறுத்தால் குற்றம்! வேடிக்கையைக் கேளுங்கள்: அதே 2003-இல்தான் பெரு தேசம் தன் பச்சமங்க்காவை நாட்டின் கலாசாரச் சொத்து என்று அறிவித்தது. கிராமங்களில் கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு 2004-இல் நம்மவர்கள் சட்டத்தையே ரத்து செய்தார்கள். சட்டம் போய்விட்டது, நண்பரின் கார்க் கண்ணாடி இன்னும் இறங்கவில்லை.

திருவிழா முடிந்தபின் ஆற்றில் கிடக்கும் குப்பையைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அது கூட்டிப் பெருக்க வேண்டிய விஷயம், குலத்தைப் பழிக்க வேண்டிய விஷயமல்ல.

பெருவுக்கு விமானச் சீட்டு வாங்கப் பணமில்லாதவர்கள் சாத்தூரில் இறங்கி இருக்கன்குடிக்குப் பஸ் பிடிக்கலாம். கறி வேண்டாதவர்களுக்குப் பொங்கல் உண்டு.