ஹவ்வா கடற்கரையில் அம்மா

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெர்லினில் பொட்டி தட்டுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடுவேன். ஊர் என்றால் தக்கலைப் பக்கம். விமானம் ஏற எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. இந்த முறை திரும்பும்போது அம்மாவும் வழியனுப்ப வந்தாள். விமானம் ராத்திரிதான். அதனால் காலையில் பத்மநாபசுவாமி கோயில், சாயங்காலம் கோவளம் என்று முடிவானது.

கோயிலில் ஆண்களுக்குச் சட்டை கிடையாது, வேட்டி மட்டும். ஜெர்மன் ரொட்டியும் பீரும் வளர்த்த தொப்பையோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பெண்கள். ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. (கொஞ்சம் வருத்தம்தான் :-))

சாயங்காலம் கோவளம். அங்கே அடுத்தடுத்து மூன்று கடற்கரைகள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே லைட்ஹவுஸ் பீச். பாறை முனையைத் தாண்டினால் ஹவ்வா பீச். இன்னும் வடக்கே சமுத்ரா. பலகையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்.

"ஹவ்வான்னா என்ன மக்ளே?"

"ஏவாள்ம்மா. ஆதாம் ஏவாள்."

"அவ துணி இல்லாமல்லா நின்னா?"

"அதனாலதான் இந்தப் பேரு."

அம்மா அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் பேசவில்லை.

கதை இதுதான். கோவளம் மீன்பிடிக்கிற ஊர். 1932-ல் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துக்காக இங்கே ஹால்சியன் மாளிகை கட்டினார்கள். 1970-களில் இலங்கை போகிற வழியில் ஹிப்பிகள் வந்து இறங்கினார்கள். ஐரோப்பியப் பெண்கள் மேலாடை இல்லாமல் இங்கே வெயில் காய்ந்ததால்தான் இந்தக் கரைக்கு ஏவாள் பெயர் வந்தது என்பார்கள். பிறகு அதற்குத் தடை வந்தது. இப்போது மிச்சம் இருப்பது பெயர் மட்டும்.

நானும் யோக்கியன் இல்லை, சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து நாங்கள் நாலு பேர் கோவளம் போவோம். கடல் பார்க்கவா போனோம்? 'மதாம்மா' பார்க்கப் போனோம். கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் பார்த்தோம். நீச்சலுடையில் இருந்த ஒரு பெண் கடைசியில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நாங்கள் சிரித்தோம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பு அவ்வப்போது ஞாபகம் வருகிறது.

அது உறைத்தது பெர்லினில். அங்கே வான்சே ஏரியில் 1907-லேயே திறந்த பொதுக் குளியல் கரை இருக்கிறது. அதில் ஒரு பகுதி எஃப்.கே.கே., அதாவது உடை இல்லாமல் குளிப்பவர்களுக்கானது. ஆபிஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் மனைவி, பிள்ளைகளோடு போனபோது என்னையும் கூப்பிட்டார். போனேன். நான் கடைசிவரை நிக்கரைக் கழற்றவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி பிறந்த மேனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாத்தா ஆப்பிள் நறுக்கினார். கால் மணி நேரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. அந்தக் கரையில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

ஜெர்மனியில் முறைக்கிறவனே கிடையாது என்று கப்சா விட மாட்டேன். உண்டு. ஆனால் அங்கே வெட்கப்படவேண்டியவன் அவன். கோவளத்தில் நாங்கள் பார்த்தோம், வெட்கப்பட்டு எழுந்து போனது அந்தப் பெண்.

அன்றைக்கும் அதே காட்சிதான். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் நீச்சலுடையில் மணலில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பையன்கள் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுக்கிற சாக்கில் அவர்களைப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி சுரிதாரோடு அலையில் நின்ற உள்ளூர்ப் பெண்களையும் விடவில்லை. நனைந்த துணி ஆயிற்றே.

நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து போனாள். அந்த இரண்டு பெண்களுக்கும் பையன்களுக்கும் நடுவில், புடவையை நன்றாக விரித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு பையன்களைப் பார்த்து, "கடலு அங்ஙன கெடக்கு மக்களே" என்று கையைக் காட்டினாள். அவர்களுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, கிளம்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அந்தப் பெண்களின் உடை பிடிக்கவில்லை. அதைக் காரிலேயே சொன்னாள். "இருந்தாலும் அது அவ துணி" என்றாள்.

இதைச் சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முழுத் தகுதி இருக்கிறது. தக்கலையும் இரணியலும் அப்போது தென் திருவிதாங்கூர். மேல்சாதிக்காரர் முன்னால் நாடார் பெண்கள் மாரை மூடினால் மரியாதைக் குறைவு. மிஷனரிகள் சொல்லி குப்பாயம் போட்ட பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் அறிவிப்பு வந்தது. மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மூடக்கூடாது! 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இந்தப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவில் ஸ்டாலினும் பினராயி விஜயனும் ஒரே மேடையில் பேசினார்கள். அம்மாவுக்கு மேடைப் பேச்சு தேவையில்லை. அவள் பாட்டி, தன் பாட்டி சொன்னதாகச் சொன்ன கதை அது.

அன்று மூடினால் குற்றம். இன்று திறந்தால் குற்றம். இரண்டு முறையும் தீர்ப்புச் சொன்னவர்களில் அந்த உடம்புக்குச் சொந்தக்காரி இல்லை.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இதைப் பேச ஆரம்பித்திருக்கிறது. 2023 ஜூனில் ரெஹானா பாத்திமா வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்றது. ஆணின் வெற்று மார்பை யாரும் ஆபாசமாக நினைப்பதில்லை, பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் என்றும் சுட்டிக்காட்டியது. காலையில் கோயில் வரிசையில் நின்ற என் தொப்பையே அதற்குச் சாட்சி.

அப்படியானால் கோவளத்தில் எஃப்.கே.கே. திறக்கலாமா என்று கேட்பீர்கள். நான் அதைக் கேட்கவில்லை. வான்சேயில் ஒரு பகுதி ஒதுக்கி, பலகை வைத்திருக்கிறார்கள். வேண்டாதவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். கோவளத்தில் வலை இழுக்கிற மக்களிடம் ஹிப்பிகளும் கேட்கவில்லை, அரசாங்கமும் கேட்கவில்லை. அவர்கள் வேலை செய்கிற இடம் அது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நான் கேட்பது வேறு. மேலாடை இல்லாமல் படுப்பதை நிறுத்தினோம். முறைப்பது நின்றதா? நீச்சலுடையைப் பார்க்கிறான், சுரிதாரைப் பார்க்கிறான், புடவையையும் பார்ப்பான். துணியின் அளவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. அலை பெரிதானால் ஊதுகிற விசில், கேமராவை நீட்டுகிறவனைப் பார்த்தும் ஒருமுறை ஊதலாம். வீட்டில் பெண் பிள்ளைக்குத் துப்பட்டா சொல்லிக்கொடுக்கிற அக்கறையில் பாதியை ஆண் பிள்ளைக்குக் கண்ணைத் திருப்பச் சொல்லிக்கொடுக்கலாம். என் அப்பா அம்மாவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் அம்மா கடலில் கால் நனைத்தாள். முழங்கால் வரைக்கும்தான். கடலில் இருந்து பத்து மைலுக்குள் பிறந்து வளர்ந்தவள், இந்த வயதுவரை ஒருமுறைகூடக் கடலில் குளித்ததில்லையாம்.

"ஏம்மா?"

"எல்லாரும் பாப்பாவல்லா."

விமான நிலையத்தில் விடைபெறும்போதும் அவள் புடவை ஓரத்தில் ஈரமும் மணலும் இருந்தது. அதை உதறிக்கொண்டே சொன்னாள். "அடுத்தாப்ல வரும்போ ஒரு நைட்டி எடுத்துட்டு வாறேன் மக்ளே. நீ ஆளு பாத்துக்க."